இரண்டாம் பதிப்பில் சேர்த்த பக்கம்

தேநீரைக் குடித்துவிடுங்கள், ஐயா. தானா ராத்தா மலைக்குளிருக்கு உடனே ஆறிப்போகும். விசாரிக்க வந்த நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து ஸ்டோருக்குக் கணக்கெழுதும் கிராணி நான்தான். எழுபத்தாறாம் வருஷம் வேலையை விட்டேன். இனி உட்கார்ந்த இடத்தில் நாலு காசு வரவேண்டும் என்று யோசித்து, காய்கறி போடும் நம் ஆட்களுக்குத் தமிழில் ஒரு புத்தகம் எழுதினேன். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று விவரமாக. போத்தலில் இங்கிலீஷில் இருப்பதைப் படிக்க அவர்களுக்குத் தெரியாதே. கைக்காசு போட்டு ஈப்போவில் அச்சடித்து, மலையில் கியா பார்ம் முதல் கம்போங் ராஜா வரை உள்ள கடைகளில் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுகமான வருமானம்.

அதில் ஒரு பிசகு இருந்தது. தோட்டத்து ஸ்டோரில் மருந்தை அப்படியே கொடுக்கமாட்டோம். கொண்டுபோய் வெளியே விற்றுவிடுவார்கள் என்று, பத்துப் பங்கு தண்ணீரை நானே முதலில் கலந்து வைப்பேன். அந்தக் கலவையில்தான் முதுகில் மாட்டும் பம்ப்புக்கு ஒரு கோப்பை. பழக்கதோஷத்தில் அதே ஒரு கோப்பையைப் புத்தகத்திலும் எழுதிவிட்டேன். கடையில் வாங்குகிறவனுக்குக் கிடைப்பதோ தண்ணீர் படாத மருந்து.

புத்தகப்படி அடித்த முட்டைக்கோஸில் பேருக்கு ஒரு புழு இல்லை. "கிராணி புத்தகம்னா புத்தகம்தான் லா" என்று ஊரே பேசியது. அப்போதுதான் கம்போங் ராஜாவில் கோஸ் போட்ட நல்லுசாமி, மருந்தடித்துக்கொண்டிருக்கும்போதே வாயில் நுரை தள்ளி விழுந்து செத்தார். சேதி கேட்டு அவர் நிலத்துக்கே போனேன்; உடலை இன்னும் எடுக்கவில்லை. பம்ப்புக்குப் பக்கத்தில் கடைப் போத்தலும் கோப்பையும் கிடந்தன. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. என் புத்தகத்து அளவு பத்து மடங்குக்கு மேல்.

திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்தினால் புழு வரும். புழு வந்தால் புத்தகத்தை யார் வாங்குவார்? அதற்காகச் சும்மாவும் இருக்கவில்லை. இரண்டாம் பதிப்பில் ஒரு பக்கம் சேர்த்தேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்ட வேண்டும், கட்டாததால்தான் நல்லுசாமி இறந்தார் என்று போட்டேன். அவர் கட்டியிருந்தார். கழுத்தில் இறங்கிக் கிடந்த துணியை நானே பார்த்தேன்.

அவர் மனைவி வடிவம்மாள் நிலத்தை விடவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே. ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கிராணி ஐயா, மருந்தடிச்சா தலை சுத்துது, கண்ணு மங்குது. அளவு கூடிப்போச்சோ? அரைக் கோப்பையா கொறச்சிக்கவா?"

குறைத்து அடித்து உடம்பு தேறினால் நாலு பேரிடம் சொல்வார். அப்புறம் நல்லுசாமி எதனால் செத்தார் என்று கேள்வி வரும். இதையெல்லாம் நிதானமாகத்தான் நினைத்துப் பார்த்தேன்.

"அளவெல்லாம் சரிதாம்மா. துணிய ரெண்டா மடிச்சிக் கட்டு."

"நீங்க சொன்னா சரிங்கய்யா."

அந்த வாரமே கோஸ் வரிசைக்கு நடுவில் அவரும் செத்து விழுந்து கிடந்தார்.

தெரிந்துதான் சொன்னேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் வாசலுக்கு வந்த அன்றைக்கு இரண்டாம் பதிப்புப் பிரதி ஒன்றை, அவர் புருஷன் பெயர் வரும் பக்கத்தை மடித்து, என் கையாலேயே கொடுத்தனுப்பினேன். அதற்கு ஒரு காசு வாங்கவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.