மலையில் சிவப்பு கிடையாது

டீ நன்றாகவே இருக்கிறது, சார். இந்த அறைக்குத்தான் ஒழுங்கான ஜன்னல் ஒன்று வேண்டும்.

கண் டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் மலைச்சரிவில் நான் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க முடியாது, அதுதான் விசேஷம். அந்த மலையின் பாறையையே பொடித்துக் கலவையில் சேர்த்தேன். சொரசொரப்பான பலகைகளை அடைத்து வார்த்ததில் சுவரெல்லாம் பாறையின் வரிகள். கூரைமேல் மண் பரப்பிப் புல் வளர்த்தேன். எதிர்மலையில் நின்று பார்த்தால் வெறும் மலை.

"ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தேன், என் வீடு எனக்கே தெரியலையேப்பா," என்று டாக்டர் சிரிப்பார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவிக்குத்தான் சிரிப்பு வராது.

"தம்பி, கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவன் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போறான். மேல ஒரு சிவப்புத் தொட்டியாவது வச்சுக்கிறேனே."

"மலையில சிவப்பு எங்கக்கா இருக்கு?"

"என் கண்ணுல இருக்கு, வந்து பாரு. நாளைக்கு எங்களுக்கு ஒண்ணுன்னா எப்படித் தேடுவாங்க?"

"என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. நான் காட்டுறேன்."

அப்படியும் கொடி கட்டிச் சிவப்புப் போர்வை ஒன்றைக் காயப்போட்டார். கொடியை அறுத்தேன். போர்வையை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். நான் முரடன் இல்லை.

பிறகு அந்த மழை. மலை சரிந்து பாதையை விழுங்கியது; வீட்டுக்குள்ளும் சேறு புகுந்தது. மீட்புக் குழுவினர் வழி கேட்டு என்னை எதிர்மலைக்கு அழைத்துப் போனார்கள். அவர்களுடைய அதிகாரி பைனாகுலரை வைத்துக்கொண்டு சரிவு முழுக்கத் துழாவினார்.

"எங்க சார் வீடு? ஒண்ணுமே தெரியலையே."

என் தொழிலில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

"நல்லாப் பாருங்க," என்றேன்.

"அதோ, சிவப்பா ஏதோ ஆடுது. அதுவா?"

அதே போர்வை. பிடித்து ஆட்டியது அக்கா. பைனாகுலர் இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

"எங்கிருந்தோ அடிச்சிட்டு வந்த துணி சார் அது. என் வீட்டுல சிவப்பே கிடையாது," என்றேன். பொய்யில்லை, நான் போட்ட டிசைனில் இல்லை. அடுத்த சரிவைக் கைகாட்டினேன். நம்பி இறங்கிப் போனார்கள். நான் அங்கேயே நின்றேன். மதியம்போலத் துணி ஆடுவது நின்றது.

இரண்டு சாவுக்கும் நானே காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால், துணி விழுந்த பிறகு வீடு எங்கே என்று எனக்கே பிடிபடவில்லை, சார். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.