மணி அடங்கும் வரை

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் எனக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். மடியில் கொம்பியூட்டர் பையை வைத்திருந்தவன் சொன்னான்:

“ஒரு சாவு வரட்டும் எண்டு மூண்டு கிழமை பார்த்துக்கொண்டு இருந்தனான் மச்சான்.”

“விசரே உனக்கு?”

“மாதா கோயில் மணியைப் பதியத்தான். ஒரேயொரு அடி போதும். கொம்பியூட்டரிலை ஏத்திப்போட்டுக் கீபோட்டிலை எந்தக் கட்டையை அமத்தினாலும் அந்த மணி வேறை வேறை சுருதியிலை அடிக்கும். நத்தார்ப் பாட்டு முழுக்க அதுதான்.”

“பூசைக்கு அடிக்கேக்கை பதிஞ்சிருக்கலாமே?”

“அது கடகடவெண்டு அடிக்கும். ஒரு சத்தம் அடங்க முதல் மற்றது வந்திடும். சாவுமணிதான் விட்டு விட்டு அடிக்கிறது. கடைசிமட்டும் தேய்ஞ்சு அடங்கும்.”

“ஆற்றை சாவு?”

“தெரியேல்லை. கடலுக்குப் போன பெடியன் ஒருத்தனாம்.”

எனக்குப் பக்கத்தில் கறுப்புச் சீலையோடு இருந்த பெண் திரும்பினார்.

“தம்பி, கோயில் வாசலிலை நிண்டு, அழாதேங்கோ எண்டு எங்களுக்குக் கை காட்டினது நீரோ?”



“ஓம் அம்மா. மைக் வைச்சிருந்தனான். சத்தம் விழுந்திடும் எண்டுதான்...”

“பிள்ளையைச் சுட்ட நேவியின்ரை காம்புக்குக் கேட்டிடும் எண்டு சொல்லுறீராக்கும் எண்டு நினைச்சனான். சவப்பெட்டியை மூடுமட்டும் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான், தம்பி.”