திரும்பி வந்த வரி

மரக்காணத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். உப்பளக்காரர் என்று உப்பில் வெடித்த பாதங்களைப் பார்த்ததுமே தெரிந்தது. பஸ் கிளம்பியதும் அவர் சொன்னார்:

“புடிச்ச வரிய கவர்மெண்டு திருப்பிக் குடுக்குதாமே! தொடாதடான்னு அப்பவே பையனுக்கு எழுதிட்டேன்.”

“லண்டன்ல அப்படித்தானாம்ங்க. லீவுல ஓட்டல்ல பாத்திரம் தேச்சான். கூலியில வரி புடிச்சாங்க. படிக்கிற புள்ள, வருமானம் கம்மின்னு இப்போ திருப்பித் தர்றாங்க.”

“அளந்து குடுத்த உப்ப நாம திரும்ப அம்பாரத்துல கொட்டுறமா? கொட்டுனா வூட்டுக்கு ஆவாது. வரியும் அப்படித்தான்னு அதுலயே எழுதியிருக்கேன். போனது போனதுதான்.”

“இங்கேருந்து பணம் அனுப்பலாம்னா, மேல பர்மிசன் வாங்காம ஆவாதுன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. அங்க குளுருல ஒத்தச் சட்டையோட நடுங்குறான்.”

“அதுக்காவ?”

“நானும் நம்மூரு டீச்சரம்மாவ வுட்டு எழுதச் சொன்னேன். அது உப்பு இல்லடா, நீ பாத்திரம் தேச்ச கூலி, வாங்கிக்கோன்னு.”

கழுவெளி ஏரியைத் தாண்டும் வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“வாங்கிட்டானா?”

“வாங்கிட்டான். கம்பளிச் சட்டையும் எடுத்துட்டேன்னு பதில் போட்டிருக்கான்.”

“அப்பன் பேச்சுக்கு அவ்ளோதான் மரியாத!”

கண்டக்டர் வந்தார். உப்பளக்காரர் இரண்டு டிக்கெட் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பிறகு பெண்சாதி பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

“என்னா கலரு எடுத்தானாம்?”