மூன்றாம் இதழின் நாற்பது பிரதிகள்

பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் பார்த்துக்கொள்கிறேன் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர் அவர்களே! காது கேட்கும் கருவியை அணைத்துவிட்டு நிம்மதியாக வீற்றிருக்கும் பெரியோர்களே! பாட்டு பிடிக்காவிட்டாலும் பிள்ளைகளுக்காக வந்திருக்கும் தாய்மார்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக என் வயிற்றெரிச்சலை வாடாமல் வளர்த்துவரும் ஆசிரியர் அம்மையாரே! வணக்கம்.

‘இரைச்சல்’ இதழின் வெள்ளிவிழாவில் வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்தவா? நானா? பொறாமையிலேயே பழுத்த வாய் இது!

வானொலி வாசல் திறக்காத பாடகருக்காக, கேசட் கம்பெனிக்காரன் கண்ணெடுத்தும் பாராத பாட்டுக் குழுவுக்காக இவர் ஓர் இதழ் தொடங்கினார். அலுவலகம் எது? அக்காள் வீட்டுச் சலவை அறை! அச்சகம் எது? தெருமுனை ஜெராக்ஸ் கடை! எட்டே பக்கம், அதில் இரண்டு தலைகீழ். அதே மாதம் அடியேனும் தொடங்கினேன் ‘பேரிசை முழக்கம்’. வழவழப்பான தாள்! வண்ண அட்டை! முன்னுரை மட்டும் ஆறு பக்கம்! யார் வாங்கினார்கள்? என் தாய்மாமன் வாங்கினார். அதுவும் முகதாட்சண்யத்துக்காக.

சிரிக்காதீர்கள், தம்பிகளே! எரிந்தது என் வயிறு.

கேசட் கடைக்குப் போகிறேன். இவரது மூன்றாம் இதழ், அச்சிட்டதே நாற்பது பிரதி, அத்தனையும் கல்லாவுக்கு முன்னால் கம்பீரமாக நிற்கிறது. என் இதழோ கதவுக்குப் பின்னால், துடைப்பத்துக்குத் துணையாக! பொறுப்பேனா? “அண்ணே, அத்தனையும் கட்டுங்க” என்றேன்.

“மொத்தமுமா? அந்தப் பொண்ணு எழுத்துமேல அவ்ளோ ஆசையா தம்பி?”

“உசிருண்ணே!” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிரித்தும் பாராமல் பரண்மேல் போட்டேன். ஒழிந்தது இதழ் என்று உள்ளம் குளிர்ந்தேன். ஒழிந்ததா? கடைக்காரர் அன்றைக்கே இவருக்குப் போன் போட்டிருக்கிறார்: “ஒரே நாள்ல தீந்துபோச்சும்மா! அடுத்தது எரநூறு கொண்டா!” அந்த இருநூறு ஊர் ஊராகப் போனது. இதழை வளர்த்தது யார்? நான்! என் பொறாமை!

கைதட்டாதீர்கள், இன்னும் எரிகிறது.

இன்று தொகுப்பு நூல் வெளிவருகிறது. மூன்றாம் இதழ் இருக்கவேண்டிய இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி. சலவை இயந்திரக் குழாய் பிடுங்கிக்கொண்டு மூலப்படியே ஊறிப்போனதாம். செய்தி கேட்டுப் போன வாரம்தான் கட்டை அவிழ்த்தேன். கடைசிப் பக்கத்தில் இவர் எழுதியிருக்கிறார்:

“பேரிசை முழக்கம்னு ஒண்ணு வருது. முன்னுரையைத் தாண்டிக் குதிச்சிடுங்க. அதுக்கப்புறம் இருக்கு பாருங்க எழுத்து! எங்களுக்கே பொறாமையா இருக்கு. வாங்கிப் படிங்க.”

என்னைப் பற்றி இந்த உலகம் எழுதிய ஒரே மதிப்புரை, ஐயா! ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளித்தவன் யார்? நான்! நாலாவது இதழோடு என் இதழை நானே நிறுத்தினேன், ஒருவரும் மதிக்கவில்லை என்று. அம்மா, பதிலே போடாததைத் திமிர் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை அம்மா.

இதோ அந்தக் கட்டு. தொகுப்பில் சேருங்கள். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பதுதான் இருக்கும். நாற்பதாவது என் சட்டைக்குள் இருக்கிறது. அதைக் கேட்டால் மட்டும் சண்டைக்கு வருவேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறாமைப்பட்டதாக ஒப்புக்கொண்ட இவருக்கும் என் நன்றி, வணக்கம்!