ஒன்பதாம் சுற்றில் எழும்பக்கூடாது

தேத்தண்ணீருக்கு நன்றி என்று பொலிஸ்காரரிடம் சொல்லுங்கள், தங்கச்சி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் அவருக்கு மொழிபெயர்த்துவிடுங்கள். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பரமேஸ்வரன் அண்ணையும் நானும் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் பழகியவர்கள். என் விசா முடிவு வந்த நேரம் அவர் எனக்கு வலப்பக்கக் கதிரையில் இருந்தார். அன்றிலிருந்து எந்த நல்ல காரியத்துக்கும் அவரை அங்கேயே இருத்திவிடுவேன். அவ்வளவு ராசியான மனிதர். அவரில் எனக்கு உயிர்.

கிரிக்கெட் பார்க்கும் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் தமிழ்ப்பிள்ளை, ஆனால் பொலிஸ்காரருக்கு விளக்கிச் சொல்லுங்கள். நம் ஆள் நன்றாக அடிக்கும்போது இருந்தவர் இருந்தபடி இருக்க வேண்டும். எழும்பினால் விக்கெட் விழும். எங்களோடு டார்னெய்ட்டில் ஒரே வீட்டில் இருக்கும் சிறி ஒருமுறை மிக்சர் எடுக்க எழும்பியதில் ஓர் உலகக்கிண்ணமே கைவிட்டுப் போனது.

சனிக்கிழமை மத்தியானம். கிடங்கில் வேலை இல்லை, தொலைக்காட்சியில் கிரிக்கெட்டும் இல்லை. அமெரிக்காவில் எந்தக் காலத்திலோ நடந்த பழைய பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் பதிவைப் போட்டேன். வழக்கம்போல அண்ணை எனக்கு வலப்பக்கம், சிறி மற்றப்பக்கம். பருவத்தின் கடைசி வாரம், தோற்ற அணி மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆட்டக்காரர் எல்லாருக்கும் கன்னம் நிறையக் கிருதா, இறுக்கிப் பிடித்த காற்சட்டை. பாதிப்பேர் இப்போது மேலே போய்ச் சேர்ந்திருப்பார்கள். எங்களுக்கு விதிகள் சரியாகத் தெரியாது. அதனால் என்ன, மந்திரம் விளங்கியா கோயிலில் கும்பிடுகிறோம்? சிவப்புத் தொப்பிக்காரரை எங்கள் ஆட்களாக எடுத்துக்கொண்டோம். முடிவை யாரும் தேடிப் பார்த்துவிடாதபடி எல்லாருடைய போனையும் வாங்கி, குசினியில் ரைஸ் குக்கருக்குள் வைத்து மூடினேன்.

கடைசிச் சுற்று, ஒன்பதாவது. சிவப்பு ஒரு புள்ளி பின்னால் நின்றாலும் மூன்று தளங்களிலும் ஓடுவதற்கு ஆள் நின்றது. ஒரே ஒரு நல்ல அடி போதும். அந்த நேரம் பார்த்து அண்ணை நெஞ்சைப் பிடித்தார்.

"கேதீஸ், நெஞ்சு அடைக்குது. அம்புலன்சுக்கு அடியுமப்பா."

"ஓம் அண்ணை, இவன் அடிச்சு முடிக்கட்டும். அசையாதேங்கோ."

"அண்ணைக்கு வேர்த்துக் கொட்டுது, நான் போனை எடுக்கப் போறன்" என்றான் சிறி.

"எழும்பிப் பார், காலை முறிப்பன்."

சிறி இருந்துவிட்டான். உலகக்கிண்ணம் ஞாபகம் வந்திருக்கும்.

அண்ணை தானே எழும்பப் பார்த்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அழுத்திப் பிடித்தேன் என்று சிறி சொல்லியிருப்பான். உண்மைதான், இரண்டு கையாலும் அழுத்தினேன். எனக்கும் கண் கலங்கியது, தங்கச்சி, நான் மிருகம் இல்லை. பந்தெறிகிறவன்தான் எமன். தொப்பியைச் சரிசெய்தான், துப்பினான், மறுபடியும் தொப்பி. இவ்வளவு தாமதமும் அவனால் வந்தது. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் எங்கள் ஆள் ஓங்கி அடித்தான். பந்து மேலே போனது. நீலத் தொப்பிக்காரன் ஒருவன் பின்னால் ஓடிப்போய் அதைப் பிடித்துவிட்டான், ஆட்டம் முடிந்தது. நான் கையை எடுத்தபோது அண்ணையின் தலை சரிந்தது. சிறி அழுதுகொண்டு குசினிக்கு ஓடினான்.

என்றைக்கோ முடிந்த ஆட்டத்துக்கு ஏன் என்று இந்தப் பொலிஸ்காரர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நான் மடையன் இல்லை. அதே ஆட்டத்தை வெள்ளிக்கிழமையே தனியாக இருந்து பார்த்துவிட்டேன். அன்றைக்கும் சிவப்புத்தான் தோற்றது. ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் அண்ணை இல்லை. அதனால்தான் சனிக்கிழமை அவரை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் போட்டேன். பந்து காற்றில் நிற்கும்போதே மனிதர் உயிரை விட்டுவிட்டார், தங்கச்சி. இல்லாவிட்டால் வென்றிருப்போம்.