மிளகாய்க் கன்றுக்கு ஒரு பொன்னாடை

தலைமைக் கதிரையைத் தாங்கி, இல்லையில்லை, தலைமைக் கதிரையால் தாங்கப்பட்டு வீற்றிருக்கும் பன்வில கோயில் கமிட்டித் தலைவர் பெரியதம்பி ஐயா அவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு குழந்தையை ஏந்தி வந்திருக்கும் தாய்மாரே! முன்வரிசையில் முறுக்குக் கடிக்கும் மூத்தோரே! பின்வரிசையில் போன் பார்க்கும் வருங்காலத் தூண்களே! வத்தேகம பாமசியில் மருந்து கொடுக்கும் இந்தச் செல்லப்பாவின் பணிவான வணக்கம்.

என்ன, மைக் கூவுகிறதா? கூவட்டும். நான் நிறுத்தும்போது அதுவும் நிறுத்தும்.

போதையைப் பற்றிப் பேசு என்று பணித்திருக்கிறார்கள். எந்தப் போதை? காட்டில் முளைத்ததா? கள்ளச்சாராயக் கசிப்புப் பானையில் கொதித்ததா? இல்லை, பெரியோரே, இல்லை! கண்காணா நாட்டுக் கண்ணாடிக் குழாயில் கலக்கி, காகித உறையில் கட்டி, கண்டி பஸ்ஸில் ஏறி வருகிற கள்ளத் தூள்! தூக்கத்தைத் துரத்தும். பசியைப் பறிக்கும். நெஞ்சை ஓடவிட்டு, நிறுத்த மறந்துவிடும்.

சட்டம் சும்மா இருக்கிறதா? இல்லை. சட்டம் மீசைக்காரக் கள்ளனைத் தேடுகிறது. அவனோ மீசையை மழித்துவிட்டு வந்து, “அது வேற ஆளு, மாத்தயா” என்று பொலிஸ் ஐயாவிடம் சொல்கிறான். மழித்தவனைத் தடை செய்தால் தாடியோடு வருகிறான்! தூள் செய்கிறவனும் அப்படித்தான். கலவையில் ஒரு துணுக்கை மாற்றுவான், புதுப்பெயர் வைப்பான். பழைய தடை அவனைத் தொடாது.

அப்படி வந்த ஒரு பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? “செடிகளுக்கான உரம். மனிதர் உண்பதற்கல்ல.” பிடிபட்டால், “நான் தின்னச் சொன்னேனா?” என்று கைவிரிப்பதற்காக எழுதிய பொய் அது. ஆனால் அந்த மடையன் அதை எங்கே கொண்டுவந்தான்? தேயிலைத் தோட்டத்துக்கு! உரம் என்று எழுதியிருந்தால் நம் சனம் என்ன செய்யும்? உரமாகப் போடும்!

நம் பேச்சியம்மாவின் மகன் சந்திரகுமார் த்ரீவீல் ஓட்டுகிறார். தூங்காமல் சவாரி போகலாம் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு பொட்டலம் வாங்கி, பிரிக்காமல் அலுமாரியில் ஒளித்துவைத்தார். அம்மா கண்டெடுத்தார், வாசித்தார், பூரித்தார்.

“பாருங்கடி, எம்புள்ளைக்கும் தோட்டம் போடுற ஆசை வந்திருச்சு!”

அத்தனையையும் தன் செல்ல மிளகாய்க் கன்றின் தூரில் கொட்டினார். லயத்து வீடுகளெல்லாம் கூடி மகனைப் பாராட்டின. கங்காணி தன் மண்வெட்டியையே பரிசாகக் கொடுத்தார். பாவம் மகன்! நாள் முழுக்கக் கொத்தினார்.

சிரிக்காதீங்க தாயி, இனித்தான் இருக்கிறது.

கன்று கருகியது. பேச்சியம்மா கொதித்தார். செத்த கன்றை வேரோடு பிடுங்கி, மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வத்தேகம சந்தையில் இறங்கினார். மகன் கைகாட்டிய, பொட்டலம் விற்ற கறுப்புக் கண்ணாடிக்காரனின் சட்டையைப் பிடித்தார்.

“ஏய்யா, உரமுன்னு வித்தியே, எம் மொளகாக் கன்னு செத்துப்போச்சே! இது உரமா இல்லையா? அத மட்டும் சொல்லு!”

என்ன சொல்வான்? இல்லை என்றால், வேறென்ன என்று ஊரே கேட்கும். ஆகவே நெஞ்சை நிமிர்த்தி, “உரந்தான்!” என்றான்.

எதிரே உரக்கடை வைத்திருக்கும் மடவளை பஹீம் நானாவுக்குப் பொறுக்குமா? குதித்து வந்தார். “உரமா? உரம் விக்க லைசன் ஈக்கா ஒனக்கு?”

பொலிஸ் வந்தது. அந்தத் தூளின் புதுப்பெயர் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் லைசன் இல்லாமல் உரம் விற்றதாக அவனே ஊர் கேட்க ஒப்புக்கொண்டானே! போதைச் சட்டம் பெயரைத் தேடிக்கொண்டிருக்க, உரச் சட்டம் ஆளைப் பிடித்தது! தூள் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. பட்டியல் நீளட்டும், இன்னும் வேகமாய் நீளட்டும்!

இப்போது சிரிப்பை நிறுத்துவோம். அதே ஆளிடம் அதே தூளை வாங்கி விழுங்கிய இன்னொரு பிள்ளை, பெற்றவளை அடையாளம் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சந்திரகுமார் அதோ மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். இந்தக் கதையைச் சொல்லச் சொன்னவரே அவர்தான். பட்டியல் வரும்வரை காத்திருக்காதீர்கள், பிள்ளைகளே! பெயர் தெரியாத பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்!

தலைவர் எனக்குப் போர்த்தப் பொன்னாடையோடு எழும்புகிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பக்கத்துச் சட்டியில் காய்ந்து நிற்பதை மேடை அலங்காரம் என்று நினைத்து, வந்ததிலிருந்து சோடாவை ஊற்றிக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான் அந்த மிளகாய்க் கன்று!

அந்தப் பொன்னாடை அதற்குத்தான் ஐயா. இந்தப் பிள்ளை குடிக்க இருந்ததை அது குடித்தது. பேச்சியம்மா, மேடைக்கு வாங்க, நீங்களே போர்த்துங்க. கூட்டம் முடிந்து மகனோடு வீட்டுக்குப் போகப்போகிற உங்களுக்கும், பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் என் நன்றி, என் வணக்கம்!