நிலத்திலை முட்டாத மெசின்

இல்லைத் தம்பி, முதுகிலை காவுறது வேண்டாம். உது போயிலைக்கு மருந்தடிக்கிற மெசின்தானே. மருந்துத் தாங்கியைக் கழட்டிவிட்டால் வெறுங்காத்துத்தான் வரும் எண்டு நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா இந்த வயதிலை என்ரை முதுகுக்கு நானே பாரம். கையிலை பிடிச்சு இலை ஊதுறது ஒண்டு இருக்காம், அதைத்தான் கேட்டு வந்தனான். வெளிநாட்டுச் சாமான் விக்கிற கடை இதெண்டு மானிப்பாய் பஸ்ஸுக்கை ஒரு பிள்ளை சொன்னது.

சிரியுங்கோ, பறவாயில்லை. யாழ்ப்பாணத்திலை இலைக்கு மெசின் தேடி வந்த முதல் மனுசி நான்தான் எண்டு பின்னேரம் வீட்டிலை போய்ச் சொல்லுவியள். சொல்லுங்கோ. இந்த நாளிலை ஆருக்கும் சிரிப்பு வாறதே பெரிய காரியம்.

கனடாவிலை என்ரை மூத்தவள் சீலா இருக்கிறாள். அவள்தான் ரெலிபோனிலை சொன்னவள். அங்கை இலை கொட்டுற காலத்திலை ஆரும் கூட்டுறேல்லையாம். ஒரு மெசினை எடுத்துப் பிடிச்சு ஊதிவிடுவினமாம். கூட்டுறேல்லையோ பிள்ளை எண்டு நான் திருப்பித் திருப்பிக் கேட்டனான். இல்லை அம்மா, ஊதுறதுதான் எண்டாள். அண்டையிலையிருந்து எனக்கு இதே யோசினைதான். ஜெபம் பண்ணிப்போட்டுத்தான் இண்டைக்கு பஸ் ஏறினனான்.

ரெண்டு இருக்கோ? கனடாவிலையிருந்து வந்தவர் விக்கச்சொல்லி வைச்சிட்டுப் போனதோ. ஆண்டவரே, நான் வெறுங்கையோடை திரும்பவேண்டி வரும் எண்டெல்லோ நினைச்சனான். தாங்கோ இஞ்சை, நான் பிடிச்சுப் பாக்கிறன். நீங்கள் தூக்கிக் காட்டினால் எனக்கென்ன தெரியும், பிடிக்கப்போறது நானெல்லோ.

இது கனம். ஒரு குடம் தண்ணி மாதிரி இருக்கு. மற்றது... ஓம், இது பறவாயில்லை. மணிக்கட்டு உளையத்தான் செய்யும், ஆனா பிடிக்கலாம்.

பெரிசுதான் நம்பிக்கையானது எண்டுறியள். ஒரு இழுவையிலை பிடிக்குமோ? சின்னன் மூண்டு நாலு தரம் இழுக்கவேணும். சரி. உந்தக் கயிறு இழுக்கிற கதை எனக்குப் புதிசில்லைத் தம்பி. எங்கடை கிணத்தடியிலை தண்ணி இறைக்கிற மெசின் ஒண்டு இருக்கு. என்ரை மனுசன் அதோடை மல்லுக்கட்டுறதைப் பாத்தால் உங்களுக்கு இன்னும் சிரிப்பு வரும். இழுப்பார், இருமுவார், மெசினைப் பேசுவார், பிறகு நான் ஏதோ செய்துபோட்டன் எண்டு என்னைப் பேசுவார். கடைசியிலை பக்கத்து வீட்டுப் பூரணம் மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்து, அண்ணை, வாளியாலை அள்ளியிருந்தால் இந்நேரம் குளிச்சு முடிஞ்சிருக்கும் எண்டுவா.

பெற்றோலுக்கை ஒயில் கலந்து விடவேணுமோ? அதை ஒரு போத்திலிலை கலந்து வைக்கலாம்தானே. பிளக்கு? ஓ, மரம் அரியிற மெசின்ரை பிளக்கு இதுக்கும் பொருந்துமோ. அப்ப நல்லது. பழுதானால் கனடாவுக்கு அனுப்பேலாது பாருங்கோ.

தம்பி, இந்தப் பெரிசின்ரை வாயிலை என்ன, மயிர் மாதிரி? பிரஷ்ஷோ? ஒட்டிக்கொண்டு கிடக்கிற இலையை உரசி எடுக்கவோ. அப்ப அது நிலத்திலை முட்டுமெல்லோ. அதைக் கழட்டேலுமோ? கழட்டேலாதோ. பின்னாலை ஆணி அடிச்சு இறுக்கியிருக்கினம்.

வேண்டாம், அப்ப வேண்டாம். இல்லை, நல்லதெண்டு தெரியுது. எனக்கு நிலத்திலை முட்டாமல் இருக்கவேணும். சின்னன் முட்டாது என்ன? வெறுங்காத்து மட்டும்தானே வரும்?

ஓம், ஈர்க்குமாறு இருக்குத்தான். கூலிக்கு ஆள் பிடிச்சும் கூட்டுவிக்கலாம்தான். நீங்கள் யாவாரத்தையும் விட்டிட்டு எனக்குப் புத்தி சொல்லுறியள், நல்ல பிள்ளை. உங்கடை அம்மா குடுத்து வைச்சவ. ஆனா ஆளும் வேண்டாம்.

எங்கடை வளவு அப்பிடித் தம்பி. ரெண்டு மா, ஒரு பலா, வாசலிலை வேம்பு. வேம்பு ரெண்டு தரம் முழுக்கக் கொட்டித் தளிர்த்திட்டுது. இலை கணுக்கால் அளவுக்குக் கிடக்கு. படலையிலையிருந்து ஆரும் வந்தால் சரசர எண்டு அடுக்களைக்கே கேக்கும், அது ஒரு விதத்திலை நல்லதுதான். ஆனா போன கிழமை பூரணம் கிணத்தடிக்குப் பக்கத்திலை புடையன் ஒண்டைக் கண்டிட்டா. கண்டவ மதிலுக்கு அந்தப் பக்கம் நிண்டு, நீங்கள் ரெண்டுபேரும் பாம்புக்குப் பாய் விரிச்சு வைச்சிருக்கிறியள் எண்டு ஊருக்கே கேக்கச் சொன்னா. என்ரை மனுசனுக்கு ஒரு கண் தெளிவில்லை. செருப்பும் போடார். நான் என்ன செய்ய.

நாங்கள் ரெண்டுபேரும்தான் இப்ப வீட்டிலை. சீலா அங்கை. இளையவன்... இளையவன் வருவான்.

மனுசன் இண்டைக்குக் காலமை சொல்லிப்போட்டார். இனிப் பொறுக்கேலாது, நாளைக்கு விடிய நானே கூட்டப்போறன் எண்டு. நான் ஈர்க்குமாத்தை அரிசி மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிட்டு வந்திருக்கிறன். அவர் தேடி எடுத்துப்போடுவார், இல்லாட்டில் பூரணத்திட்டை இரவல் வாங்குவார். அதுதான் இண்டைக்கே கொண்டு போகவேணும்.

இன்னொண்டு கேக்கவேணும் தம்பி. இதை நிப்பாட்டினால் உடனை நிக்குமோ? சில மெசின் நிப்பாட்டினாப்பிறகும் இரைஞ்சு இரைஞ்சுதானே ஓயும். பெரிசு அப்பிடியோ. சின்னன்? பெருவிரலுக்குப் பக்கத்திலையே சுவிச்சு இருக்கு. வடிவாத்தான் வைச்சிருக்கினம்.

அப்ப சின்னனையே தாங்கோ.

ஓம், நீங்கள் சொன்னனீங்கள்தான், பெரிசுதான் கன காலம் உழைக்குமெண்டு. எனக்குக் கன காலத்துக்குத் தேவையில்லைத் தம்பி. அவன் வருமட்டும் உழைச்சால் காணும்.

ஆரெண்டோ? என்ரை மகன். சுகிர்தன்.

சரி, சொல்லுறன், இவ்வளவு நேரம் பொறுமையா நிண்டனீங்கள். ஆள் வெளிக்கிட்டுப் போனால் பின்னாலை கூட்டக்கூடாதெல்லோ. உங்கடை வீட்டிலையும் அப்பிடித்தானே. போன ஆள் போய்ச் சேர்ந்திருக்கும் எண்டாப்பிறகுதான் ஈர்க்குமாறு எடுக்கிறது. பிரேதம் வெளிக்கிட்டால்தான் உடனை பின்னாலை கூட்டிக் கழுவுறது, இனி வராதெண்டபடியாலை. உது வேதத்திலை இல்லைத்தான். எங்கடை போதகரும் ஆறுதலாக் கூப்பிட்டு இருத்திச் சொன்னவர், உது வீண்பயம், விசுவாசம் உள்ள ஆக்கள் இப்பிடி இருக்கக்கூடாது எண்டு. நான் ஓம் ஐயா எண்டனான். வீட்டை வந்து ஈர்க்குமாத்தை எடுத்திட்டுத் திருப்பிச் சுவரோடை சாத்தி வைச்சிட்டன். ஆண்டவருக்கு என்னைத் தெரியும், அவர் கோவிக்கமாட்டார்.

அண்டைக்கு விடிய, அம்மா, சாவகச்சேரிக்குப் போட்டு வாறன் எண்டு சைக்கிளை எடுத்தவன். சிநேகிதன் ஒருத்தனைப் பாக்க. நான் அப்பதான் கூட்டுவம் எண்டு முத்தத்திலை இறங்கினது. கையிலை இருந்ததைச் சுவரோடை சாத்தி வைச்சிட்டு, அவன் போய்ச் சேரட்டும், பிறகு கூட்டுவம் எண்டு குந்தி இருந்தனான். இந்தியன் ஆமி நிண்ட காலம் அது. ஆமியும் தங்கடை நாட்டுக்குத் திரும்பிப் போட்டுது. அந்தச் சிநேகிதப் பெடியன், சுகிர்தன் வந்து சேரவேயில்லை அம்மா எண்டுறான். நாங்கள் கேக்காத இடமில்லை, மனுசன் ஏறாத வாசலில்லை. அவருக்கு மனம் விட்டுப் போச்சு. வாயாலை சொல்லார். கூட்டப்போறன் எண்டு சொல்லேக்கை எனக்கு விளங்கிச்சுது.

அவன் இன்னும் போய்ச் சேரேல்லைத் தம்பி. போய்ச் சேராமல் நான் எப்பிடிக் கூட்டுறது?

இது காத்துத்தானே. காத்து வந்தால் இலை தன்ரை பாட்டிலை போகும். நான் கூட்டினதாகாது என்ன? நீங்களும் ஒருக்கா ஆகாதெண்டு சொல்லுங்கோ.

ம். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்.

ஏன் கண்ணைத் துடைக்கிறியள். விடுங்கோ. கயித்தை ஒருக்கா இழுங்கோ, நான் பாத்துப் பழகவேணும்.

ஓம், மூண்டாம் இழுவையிலை பிடிச்சிட்டுது. சரியான இரைச்சல்தான். நீங்கள் சொல்லுறது ஒண்டும் கேக்கேல்லை. இப்ப நிப்பாட்டுங்கோ.

நல்லது. உடனை நிண்டிட்டுது. கொஞ்ச நேரம் ஊதிப்போட்டு நிப்பாட்டிக் காது குடுத்து, பிறகு ஊதலாம். இலையும் போனால் படலையிலை ஆள் வாற சரசரப்பும் இருக்காது பாருங்கோ. அவன்ரை சைக்கிள் மணியும் பழசு, அரைவாசிதான் அடிக்கும்.